துப்பாக்கிக் குண்டும் வளித்தடையும்

எமது கல்லூரியின் விழா மலருக்குக் கட்டுரையொன்று வரைந்து தருமாறு மலர்க்குழுவினர் கேட்டபோது, எமது நினைவு முதலிற் சென்றது பழைய பௌதிக வகுப்பறைக்கே. அவ்வறையின் கரும்பலகையில் நாம் செய்த எறியக் கணக்குகள் எண்ணில. மதிலின்மேல் நின்று எறியப்பட்ட கல், மலையுச்சியிலிருந்து சுடப்பட்ட பீரங்கிக் குண்டு, சாய்தளத்தின்மீது வீழ்ந்த பந்து என வினாக்கள் பலவாயினும், அவை யாவும் ஒரே வாக்கியத்தில் முடிவனவாயிருந்தன: "வளித்தடையைப் புறக்கணிக்குக." ஒருநாள் எம்முள் ஒருவன் எழுந்து, "ஐயா, அதனைப் புறக்கணியாதுவிட்டால் என்ன நேரும்?" என வினவினான். ஆசிரியர் சற்று நகைத்து, "தம்பி, புறக்கணியாதுவிட்டால் இக்கணக்கை நீயும் செய்யமாட்டாய், நானும் செய்யமாட்டேன். இப்போது விடையை எழுது" என்றார். வகுப்பு முழுவதும் நகைத்தது; மணியும் அடித்தது. அம்மாணவன் அன்று கேட்ட வினாவுக்கு விடை கூறுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கொலைக்கருவியொன்றைப் பற்றிக் கல்லூரி மலரிற் பேசுவதா என அன்பர் சிலர் எண்ணக்கூடும். துவக்கின் ஓசையை நூலிற் படித்தறியாது செவியாற் கேட்டறிந்தோர் எம்மிடையே பலர் உளர். அக்கருவியைப் புகழ்தல் எமது கருத்தன்று. எனினும், காற்று ஒரு பொருளை எத்துணை வலிமையுடன் தடுக்கின்றது என்பதைத் துப்பாக்கிக் குண்டைப்போலத் தெளிவாகக் காட்டும் பிறிதொன்றைக் காண்டல் அரிது. அவ்வுண்மையை மனிதர் எவ்வாறு படிப்படியாக அளந்தறிந்தனர் என்பதையே ஈண்டுக் கூறப் புகுகின்றோம்.

எறியப்பட்ட பொருள் பரவளைவுப் பாதையிற் செல்லும் என்பதைக் கலிலியோ 1638 ஆம் ஆண்டில் வெளியான தமது நூலில் நிறுவினார். வெடிமருந்தின் வலியாற் செல்லும் குண்டுகளுக்கு இவ்விதி செவ்வையாகப் பொருந்தாது என்பதையும் அவரே குறிப்பிட்டார். ஆயின், பின்வந்த பீரங்கி நூலார் பலர் அவ்வெச்சரிக்கையை மறந்து பரவளைவை மாத்திரம் பற்றிக்கொண்டனர். நியூற்றன் 1687 ஆம் ஆண்டில் வெளியிட்ட தமது பெருநூலிலே, காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்துக்கு விகிதசமமாக வளரும் எனக் காட்டினார். இலண்டனிலுள்ள சென் போல் தேவாலயத்தின் உயரத்திலிருந்து கண்ணாடிக் கோளங்களை விழச்செய்து இது பின்னர் சோதிக்கப்பட்டது. ஆனால், விழுகின்ற கோளத்தின் வேகம் சிறிது; துப்பாக்கிக் குண்டின் வேகமோ மிகப் பெரிது. கண்ணுக்குப் புலப்படாது செல்லும் குண்டின் வேகத்தை அளத்தற்கு அக்காலத்திற் கருவி எதுவும் இருக்கவில்லை. அளவின்றி வாதம் தீராது.

அக்கருவியைச் செய்தவர் பெஞ்சமின் றொபின்சு என்னும் ஆங்கிலேயர். 1707 ஆம் ஆண்டிற் பாத் நகரிற் பிறந்த இவருடைய பெற்றோர், போரையே மறுக்கும் குவேக்கர் சமயப் பிரிவைச் சேர்ந்தவர்கள் என்பது வியப்புக்குரியது. 1742 ஆம் ஆண்டில் இவர் வெளியிட்ட பீரங்கி நூலிலே ஓர் ஊசல் விவரிக்கப்பட்டுள்ளது. முக்காலியொன்றிலிருந்து மரக்கட்டை பொருத்திய இரும்புத் தகடு தொங்கும். ஊசலின் நிறை 56 இறாத்தலும் 3 அவுன்சும் ஆகும். குண்டு கட்டையிற் பாய்ந்து புதையும். கட்டை பின்னோக்கி ஆடும். கட்டையின் அடியிற் கட்டப்பட்ட நாடா எவ்வளவு இழுபட்டதென்று பார்த்தால், ஊசல் ஆடிய அளவு தெரிந்துவிடும்.

இதன் தத்துவம் நாம் யாவரும் கற்றதே. மோதுகைக்கு முன்னுள்ள உந்தமும் பின்னுள்ள உந்தமும் சமமாகும். றொபின்சு பயன்படுத்திய ஈயக் குண்டு முக்கால் அங்குல விட்டமும், இறாத்தலிற் பன்னிரண்டிலொரு பங்கு நிறையும் உடையது. எளிமைக்காகக் குண்டு ஊசலின் நடுவே பட்டதெனக் கொள்வோம். குண்டும் ஊசலும் சேர்ந்த நிறை, குண்டின் நிறையைப்போல் ஏறக்குறைய 675 மடங்கு. ஆகவே, குண்டின் வேகம் 675 இல் ஒரு பங்காகக் குறைந்து ஊசலின் வேகமாகும். செக்கனுக்கு 1670 அடி செல்லும் குண்டு ஊசலைச் செக்கனுக்கு இரண்டரை அடி வேகத்தில் அசைக்கும். கண்ணால் அளக்கவொண்ணாத வேகத்தை, குழந்தையின் ஊஞ்சல்போல ஆறுதலாக ஆடும் கட்டையில் அளந்துகொண்ட அறிவுத்திறனை என்னென்பது!

அடுத்து அவர் செய்ததே இக்கட்டுரைக்கு மிக இன்றியமையாதது. ஊசலைத் துப்பாக்கியின் வாயிலிருந்து 25 அடி, 75 அடி, 125 அடித் தூரங்களில் முறையே வைத்துச் சுட்டார். கிடைத்த சராசரி வேகங்கள் செக்கனுக்கு 1670 அடி, 1550 அடி, 1425 அடி என்பன. முதல் ஐம்பதடி இடைவெளியிலேயே 120 அடி வேகம் போய்விட்டது. இத்துணை வேகக்குறைவை உண்டாக்குதற்குக் குண்டின் நிறையைப்போல் 120 மடங்கு விசை வேண்டும் என்பதை, நாம் வகுப்பிற் கற்ற இயக்கச் சமன்பாடு கொண்டே கணித்தறியலாம். அஃதாவது, புவி அக்குண்டைக் கீழ்நோக்கி ஒரு பங்கு விசையால் இழுக்கையில், காற்று அதனைப் பின்னோக்கி 120 பங்கு விசையால் தள்ளுகின்றது. நாம் கணக்கிற் சேர்த்துக்கொண்டது அவ்வொரு பங்கையே. புறக்கணித்தது 120 பங்கை.

இதன் விளைவை வேறு வகையாகவும் காட்டலாம். செக்கனுக்கு 1670 அடி வேகத்தில் 45 பாகைச் சாய்விற் சுடப்பட்ட குண்டு, காற்றில்லா வெளியில் 16 மைலுக்கு மேற் செல்லும் என்பது வகுப்பறைச் சமன்பாடு தரும் விடை. அக்காலத்துத் துப்பாக்கிக் குண்டு ஒரு மைல் தானும் சென்றதில்லை. நூற்றுக்கு ஐந்து, பத்து வீதம் பிழைத்திருந்தால் அது பிழையெனப்படும். பதினாறு மடங்குக்கு மேற் பிழைத்த விடை, எடுத்துக்கொண்ட வினாவுக்கு விடையே அன்று.

றொபின்சு மேலும் ஒன்றைக் கண்டார். ஒலியின் வேகத்துக்கு அணித்தாகக் குண்டின் வேகம் வரும்போது தடை திடீரெனப் பெருகிற்று. வர்க்கவிதி அவ்விடத்திற் பொருந்தவில்லை. இதன் காரணம் நூறாண்டுகளுக்கு மேல் விளங்காதிருந்தது. பறக்கும் குண்டை மின்பொறியின் ஒளியிற் படம்பிடித்து, ஏர்ண்ஸ்ற் மாக், பீற்றர் சால்ச்சர் என்போர் 1887 ஆம் ஆண்டில் வெளியிட்டனர். நீரைக் கிழித்துச் செல்லும் தோணியின் முன்னே அலை எழுவதுபோல, ஒலியினும் விரைந்து செல்லும் குண்டின் முன்னே காற்றில் ஓர் அதிர்ச்சி அலை எழுவதை அப்படங்கள் காட்டின. அவ்வலையை எழுப்புதற்குச் செலவாகும் சத்தி குண்டின் இயக்கச் சத்தியிலிருந்தே செல்கின்றது. தூரத்தே நிற்பவன் காதில் வெடியோசைக்கு முன்னர் விழும் சவுக்கடி போன்ற ஒலியும் இவ்வலையினதே.

றொபின்சுக்கு 1746 ஆம் ஆண்டிற் றோயல் சங்கத்தின் கொப்லிப் பதக்கம் கிடைத்தது. அவருடைய நூலை ஒயிலர் என்னும் பெருங்கணிதர் 1745 ஆம் ஆண்டில் யேர்மன் மொழியில் விரிவான உரையுடன் வெளியிட்டார். இத்தகைய அறிஞரின் இறுதி எங்கே நேர்ந்தது என்பதைத் தமிழர் பலர் அறியார். கிழக்கிந்தியக் கொம்பனியின் கோட்டைகளைச் சீர்செய்யும் தலைமைப் பொறியியலாளராக 1750 ஆம் ஆண்டில் அவர் இந்தியா வந்தார். அடுத்த ஆண்டு யூலை மாதத்தில், கூடலூரை அடுத்த தேவனாம்பட்டினத்துச் சென் டேவிட் கோட்டையில், காய்ச்சலால் வருந்தி, நாற்பத்து நான்காம் வயதில் உயிர்நீத்தார். குண்டின் வேகத்தை முதன்முதல் முறையாக அளந்தவர் தமிழ் நாட்டுக் கடற்கரையில் மறைந்தார் என்பதை எமது மாணவர் நினைவிற் கொள்வாராக.

பத்தொன்பதாம் நூற்றாண்டிலே துப்பாக்கி மாறியது. குழலின் உட்புறத்திற் புரிகள் வெட்டப்பட்டன. அவை குண்டைப் பம்பரம்போற் சுழலச் செய்தன. சுழலும் பம்பரம் சாயாது நிற்பதுபோல, சுழலும் குண்டும் தலைகீழாகப் புரளாது செல்லும். ஆகவே, உருண்டைக் குண்டு மறைந்து, மூக்குக் கூரிய நீள்குண்டு வழக்கில் வந்தது. ஒரே விட்டமுள்ள இரு குண்டுகளில் நீண்டது கூடிய நிறையுடையது; காற்றை எதிர்கொள்ளும் பரப்போ ஒன்றே. இதனால் அது வேகத்தை நெடுந்தூரம் காத்துச் செல்லும். எவ்வளவு காத்துச் செல்லும் என்பதை அளத்தற்கு ஊசல் போதாதாயிற்று. ஊசலிற் புதைந்த குண்டு அவ்விடத்தில் நின்றுவிடுவதால், ஒரே குண்டின் வேகத்தை இரண்டிடங்களில் அளத்தல் இயலாது.

இக்குறையை மின்சாரம் நீக்கியது. 1860களிற் பெல்ஜியத்துப் பீரங்கிப்படை அதிகாரி லெ பூலாஞ்சே அமைத்த கருவியின் எளிமை பாராட்டற்பாலது. கம்பிகள் கட்டிய இரு சட்டங்கள் குண்டின் வழியில் நிறுத்தப்படும். முதற் சட்டத்தின் கம்பியைக் குண்டு அறுத்தவுடன் ஒரு மின்காந்தம் தன் வலியிழக்க, அதனைப் பற்றியிருந்த நீண்ட கோல் கீழே விழத் தொடங்கும். இரண்டாஞ் சட்டத்தின் கம்பி அறுந்தவுடன் பிறிதொரு மின்காந்தம் தன் சுமையை விடுவிக்க, அது விழுந்து ஒரு கத்தியைத் தட்டிவிடும். விழுந்துகொண்டிருக்கும் கோலில் அக்கத்தி ஒரு வெட்டு இடும். பத்திலொரு செக்கனில் ஒரு பொருள் ஏறக்குறைய இரண்டு அங்குலம் விழும் என்பது நாம் அறிந்ததே. எனவே, வெட்டு விழுந்த இடத்தைக் கோலில் அளந்து காலத்தை அறியலாம். கலிலியோவின் வீழ்ச்சி விதியே குண்டை அளக்கும் மணிக்கூடாயிற்று.

ஏறத்தாழ அதே காலத்தில் இங்கிலாந்தின் வூலிச் நகரிலே, பிரான்சிஸ் பாஷ்போத் என்னும் மதகுரு பத்துத் திரைகளை வரிசையாக நிறுத்தி, ஒரே குண்டு அவற்றைக் கடந்த காலங்கள் அனைத்தையும் ஒரு சுழலுருளையிற் பதிவுசெய்தார். இவ்வாறு, குண்டு வேகமிழக்கும் முறை முழுவதும் முதன்முதலாகத் தெளிவாயிற்று. உருசியாவின் மயெவ்ஸ்கி, யேர்மனியின் குறூப் ஆலையிற் செய்த சோதனைகளைக் கொண்டு, வெவ்வேறு வேக எல்லைகளில் தடை வெவ்வேறு அடுக்குவிதியைப் பின்பற்றுவதைக் காட்டினார். இத்தாலியின் சியாச்சி, அத்தடையட்டவணைகளிலிருந்து குண்டின் பாதையை விரைவாகக் கணிக்கும் முறையை வகுத்தார்.

இவ்விடத்தில் ஒரு சிக்கல் எழுந்தது. உலகிலுள்ள குண்டுகள் எண்ணிறந்தன. ஒவ்வொன்றையும் இத்துணை முயற்சியோடு அளத்தல் எங்ஙனம்? அறிஞர் கண்ட வழி இது: ஓர் அங்குல விட்டமும் ஓர் இறாத்தல் நிறையும் கொண்ட மாதிரிக் குண்டொன்றை நிறுத்தி, அதன் தடையை எல்லா வேகங்களுக்கும் அட்டவணையாக்குதல், பிற குண்டுகள் அதனோடு ஒப்பிட எத்தகையன என்பதை ஒரே எண்ணாற் குறித்தல். அவ்வெண்ணை எறியக் குணகம் எனலாம். குண்டின் நிறையை இறாத்தலிற் கொண்டு, அங்குலத்தில் அளந்த விட்டத்தின் வர்க்கத்தாற் பிரித்து, பின் வடிவத்துக்குரிய காரணியாலும் பிரித்தால் அது கிடைக்கும். எண் பெரிதாயின் குண்டு காற்றை நன்கு வெல்லும்.

உதாரணமாக, தூரச் சுடுபோட்டிகளிற் பயிலும் 175 கிறேன் குண்டை எடுப்போம். 7000 கிறேன் ஓர் இறாத்தலாதலின், இதன் நிறை 0.025 இறாத்தல். விட்டம் 0.308 அங்குலம், அதன் வர்க்கம் 0.0949. முன்னதைப் பின்னதாற் பிரிக்க 0.264 வரும். நீண்ட மூக்கும் ஒடுங்கிய வாலும் உடையதும் ஜி-7 எனப்படுவதுமான மாதிரியோடு ஒப்பிடுகையில் வடிவக் காரணி 1.08 எனின், குணகம் ஏறக்குறைய 0.24 ஆகும். ஆனால், தட்டையான அடியுடைய பழைய ஜி-1 மாதிரியோடு ஒப்பிட்டால், அதே குண்டின் குணகம் ஏறக்குறைய 0.5 ஆகிவிடும். குண்டு மாறவில்லை; மாறியது அளவுகோலே. விற்பனைக்கு அச்சிடும் பட்டியலிற் பெரிய எண்ணே கண்ணுக்கு இனியது. மேலும், இக்காலத்து நீள்குண்டு பழைய மாதிரியின் வடிவத்தை ஒவ்வாமையால், ஜி-1 குணகம் வேகத்தோடு மாறிக்கொண்டே இருக்கும். மிகுந்த வேகத்தில் அளந்த எண்ணை மாத்திரம் அச்சிட்டால், குண்டு வேகமிழந்து நெடுந்தூரம் சென்றபின் கணக்குப் பொய்த்துவிடும். எம்மாதிரியோடு, எவ்வேகத்தில், எக்காற்றில் என்பன கூறப்படாத குணகம் பயனற்றது.

அளக்கும் முறையிலும் பெரும் பொறியொன்று உண்டு. மாணவர் இதனை நுணுகி நோக்குதல் நன்று. இக்காலத்திற் குண்டின் நிழலை உணரும் இரு ஒளிக்கண்களைக் கொண்ட சிறு கருவி எவர்க்கும் எளிதிற் கிடைக்கின்றது. அக்கண்களின் இடைவெளி இரண்டு அடி எனவும், அதனை வைத்ததில் அங்குலத்தில் எட்டிலொரு பங்கு பிழைத்தது எனவும் கொள்வோம். பிழை நூற்றுக்கு அரை வீதமே. 2600 அடி வேகத்தில் அது 13 அடி. இது சிறிதெனத் தோன்றும். இப்போது குணகத்தை அறிதற்காக 100 யார் அப்பால் இன்னொரு கருவியை வைக்கின்றோம். அவ்விடத்தில் மேற்கூறிய குண்டின் வேகம் 2420 அடி அளவினது. இழந்த வேகம் 180 அடியே. ஒரு கருவி 13 அடி கூட்டியும் மற்றது 12 அடி குறைத்தும் காட்டினால், 180 இல் 25 அடி பிழைத்துவிடும். அது நூற்றுக்கு 14 வீதம். இரு பேரெண்களின் சிறு வித்தியாசத்தை அளக்கப் புகுவோன் எப்பொழுதும் இப்பொறியில் வீழ்வான். கடைவரவின் ஆயிரக்கணக்கிலிருந்து செலவின் ஆயிரக்கணக்கைக் கழித்து இலாபம் காண்பவனும் இதனை அறிவான்.

இதற்குப் பரிகாரம், வேகத்தின் குறைவை விடுத்துப் பறப்பின் காலத்தை நெடுந்தூரத்தில் அளத்தலாம். 2600 அடி வேகத்திற் புறப்பட்ட குண்டு 1000 யாரைக் காற்றில்லா வெளியில் 1.15 செக்கனிற் கடக்கும். காற்றிலே அதற்கு ஏறக்குறைய 1.7 செக்கன் வேண்டும். காற்றினால் உண்டான தாமதம் அரைச் செக்கனுக்கு மேல். இலக்கின் அருகே வைத்த ஒலிவாங்கியைக் கொண்டு, ஆயிரத்திலொரு செக்கன் நுட்பமாக இதனை அளந்தால், அவ்வளவையால் விளையும் பிழை ஐந்நூற்றில் ஒரு பங்கே. புறப்பட்ட வேகத்தில் முன்போல 13 அடி பிழைத்திருப்பினும், அதன் தாக்கம் நூற்றுக்கு இரண்டு வீதத்துக்குள் அடங்கிவிடும். கருவிகள் அவையே, அளக்கும் பொருளை அறிந்து தெரிந்தமையால் விடை திருந்தியது.

இன்று இதனினும் சிறந்த வழி டொப்ளர் றேடார். அணுகிவரும் புகைவண்டியின் ஊதல் உயர்ந்தும், கடந்து சென்றபின் தாழ்ந்தும் கேட்பதன் தத்துவமே இது. செக்கனுக்கு 1050 கோடி அதிர்வுள்ள வானொலி அலையை விலகிச் செல்லும் குண்டின்மீது செலுத்தினால், திரும்பிவரும் அலையின் அதிர்வு, 2600 அடி வேகத்துக்கு, செக்கனுக்கு ஏறக்குறைய 55,000 குறைந்திருக்கும். அவ்வேற்றுமையைத் தொடர்ந்து பதிந்தால், குண்டு செல்லும் வழி நெடுக அதன் வேகம் தெரியவரும். மாதிரிக் குண்டோடு ஒப்பிடவேண்டிய தேவையே ஒழிந்து, ஒவ்வொரு குண்டுக்கும் அதற்குரிய தடைக்கோடு கிடைக்கின்றது. இவ்வாறு அளந்தும், காற்றின் நிலையைக் கூறாவிடின் பயனில்லை. 6000 அடி உயரத்திற் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்திலும் பார்க்க ஏறத்தாழ ஆறிலொரு பங்கு குறைவு; அங்கே தடையும் அவ்வளவு குறையும். ஒரு குண்டை மாத்திரம் சுட்டு முடிவுகூறலும் ஆகாது. பலவற்றின் சராசரியும் அவற்றின் சிதறலும் வேண்டும்.

இனி எமது தோழன் கேட்ட வினாவுக்கு வருவோம். மேற்கூறிய 175 கிறேன் குண்டு 1000 யார் தூரத்தில், குழலின் நேர்கோட்டிலிருந்து எவ்வளவு கீழே விழும்? வளித்தடையைப் புறக்கணித்தால் 21 அடி. புறக்கணியாதுவிட்டால் 30 அடிக்கும் மேல். அவ்விடத்தில் அதன் வேகம் 2600 அடியன்று. 1200 அடி அளவினதே. ஆசிரியர் கூறியதிலும் உண்மை இருந்தது. வளித்தடையைச் சேர்த்தால் பாதைக்கு எளிய சூத்திரம் இல்லை. சிறு சிறு கால அடிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் தடையைக் கணித்துச் செல்லவேண்டும். ஒரு பீரங்கிக் குண்டின் பாதையை இவ்வாறு கையாற் கணித்தற்குப் பல மணிநேரம் சென்றது. அமெரிக்காவில் 1946 ஆம் ஆண்டில் உலகுக்கு அறிவிக்கப்பட்ட எனியாக் என்னும் மின்னணுக் கணிப்பொறி, இத்தகைய சுடு அட்டவணைகளைக் கணித்தற்கென்றே தொடங்கப்பட்டது. ஒரு மாணவனின் வினாவுக்கு விடை காண்பதற்கு ஓர் அறை நிறைந்த பொறி வேண்டியிருந்தது எனின், அவ்வினா நகைத்து ஒதுக்கத்தக்கதன்று.

வகுப்பறையில் வளித்தடையைப் புறக்கணித்தல் தவறன்று. கற்போன் முதலில் ஈர்ப்பை அறியவேண்டும். ஆனால், "புறக்கணிக்குக" என்பது "இல்லை" என்பதன்று. "இருக்கின்றது, எவ்வளவென்று பின்னர் அளந்து பார்" என்பதே அதன் பொருள். அளந்து பாராதவரையில் அது ஒரு பங்கா, நூற்றிருபது பங்கா என்பதை எவரும் அறியார். கலிலியோவை மேற்கோள் காட்டியோர் நூறாண்டு வாதித்தும் காணாததை, ஒரு மரக்கட்டையும் நாடாவும் கொண்டு றொபின்சு கண்டார்.

எமது கல்லூரியின் ஆய்வுகூடத்திலும் ஊசலுண்டு, அளவுகோலுண்டு, நிறுத்தற்கடிகாரமுண்டு. இன்று அவற்றைக் கையாளும் தம்பியர் எவரேனும் எழுந்து, "ஐயா, புறக்கணியாதுவிட்டால் என்ன நேரும்?" என்று கேட்பாராயின், மணி அடிப்பதற்குள் அவருக்கு விடை கிடையாதொழியினும், வினா மறவாதிருப்பதாக. எமக்கு அதன் விடை விளங்கப் பல ஆண்டுகள் சென்றன. அவ்வினாவை எமது நெஞ்சில் இட்ட வகுப்பறைக்கும், அதனைத் தாங்கிநிற்கும் கல்லூரிக்கும் எமது வணக்கம் உரியதாகுக.